மூலை வெட்டிய அட்டை

பெரியம்மாவின் மகன் எங்கள் வீட்டில் வந்து நின்ற பத்து நாளும் எனக்கு வயிறு எரிந்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமில்லை. அப்போது எனக்குப் பத்து வயது; கணக்கில் வகுப்பிலேயே முதலாம் பிள்ளை.

அறுபதுகளின் கடைசி. கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றக் காணியில் இருந்தோம். அந்த அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை; கொம்பியூட்டர் என்ற மெசினுக்குக் கட்டளை எழுதுகிறவர். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய அட்டைகளோடு வந்து இறங்கினார். ஒவ்வொன்றிலும் நீளநீளமாய்ச் சின்னத் துளைகள்; அவைதான் மெசினுக்குக் கட்டளையாம். ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும். அப்பாவை நான் ஐயா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் அன்று வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகவே மறந்துவிட்டார். நூற்றுக்கு நூறு வாங்கிய என் கணக்குக் கொப்பியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அங்கால வை பிள்ளை. அண்ணை கதைக்கிறானல்லே?" என்ற ஐயா அண்ணன் பக்கம் திரும்பினார். "தம்பி, இதில ஒண்டு குறைஞ்சால்?"

"மெசின் நிண்டிடும், சித்தப்பா. ரண்டு வருசமா எழுதினது."

எனக்கு அது போதும். அடுத்த நாள் அண்ணன் கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, நடுவிலிருந்து ஓர் அட்டையை உருவி என் பூமிசாத்திரப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். கொழும்பில் மெசின் நிற்கும், கந்தோர்த் துரை ஏசுவார், ஐயாவுக்கு அண்ணன் கசந்துபோவார், பிறகு ஐயா என் கொப்பியைப் பார்ப்பார். என் கணக்கு ஒருபோதும் பிழைத்ததில்லை.

ஆனால் அண்ணன் கொழும்புக்குப் போகிற அறிகுறியைக் காணவில்லை. ஐயாவோ அயலாரையெல்லாம் கூட்டிவந்து பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். எட்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டில்தான் கேட்டார்.

"தம்பி, உந்த அட்டையளைக் கந்தோரில தேடமாட்டினமோ?"

"தேடமாட்டினம், சித்தப்பா. புது மெசின் வந்திட்டுது. அதின்ர உள்ளமைப்பு வேற. இந்தக் கட்டளையள் அதுக்கு விளங்காது. அதை நடத்துற மூலக் கட்டளையளும் அதோட சேர்ந்துதான் வரும். மெசினைத் தெரிஞ்செடுத்தால் மற்றதெல்லாத்தையும் அதுவே தெரிஞ்செடுத்திடும்."

"எருமைக்குச் செய்த நுகத்தை மாட்டுக்குப் பூட்டேலாது எண்டிறாய்."

"ஓம்."

"உன்னைப் புதுசுக்குப் பழக்கினமோ?"

"வேற ரண்டு பேரை எடுத்திருக்கினம்."

ஐயா தன் சோற்றுக் கோப்பையில் இருந்த மீன்பொரியலை எடுத்து அண்ணனுடைய கோப்பையில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. நான் பாடுபட்டு உருவிய அட்டையால் ஒரு மெசினும் நிற்கப் போவதில்லை. பொரியலும் அவருக்கே போய்விட்டது.

அன்று பின்னேரம் அண்ணன் பெட்டியை என் மடியில் வைத்தார். "விளையாட வேணுமெண்டால் எடு, பிள்ளை."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான்தான் ராசாத்தி. அட்டையை வெயிலுக்குப் பிடித்து, துளைகளால் ஒளி விழுவதைக் காட்டினேன். பிறகு பிடித்தவர்களுக்கு ஒன்று, மிகவும் பிடித்தவர்களுக்கு இரண்டு என்று பெட்டி வெறுமையாகும் வரை கொடுத்தேன். எல்லோரும் என்னைப் பொறாமையோடு பார்த்தார்கள். அது எவ்வளவு இனிப்பான பார்வை!

பத்தாம் நாள் காலை அண்ணன் பையோடு வாசல் படலையடியில் நின்றார். போவது கொழும்புக்கல்ல, யாழ்ப்பாணத்துக்கு, பெரியம்மாவிடம். ஐயா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அட்டை ஒண்டாவது மிச்சம் கிடக்கோ, பிள்ளை?" என்று அண்ணன் கேட்டார்.

என் தோளில் தொங்கிய பையில், புத்தகத்துக்குள் நான் ஒளித்தது அப்படியே கிடந்தது.

"இல்லை. எல்லாம் முடிஞ்சுது" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். உடனே போகவில்லை, என் புத்தகப் பையையே பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். தானே வேண்டாமென்று தந்ததை எதற்குத் திரும்பக் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. கொடுத்தால் ஐயா அதையும் ஆசையாக வாங்கிப் பார்ப்பாரே என்பதுதான் என் கவலையாக இருந்தது.