லட்டுவைப் புல்லில் பழக்கியதில் நான் செய்த தவறு

1. மூன்றாம் மாடித் துணி

காலை ஏழு மணிக்குக் காயத்ரி போன் செய்தாள்.

"டாக்டர் மாமா, லட்டுவை ஃப்ளாட்டுலேர்ந்து மாத்தணும்னு சொல்றா. நீங்க ஒண்ணு வந்து பாக்கணும், கேட்டேளா."

கழக்கூட்டத்தில் அவர்கள் வீடு நான்காம் மாடி. காயத்ரி, அவள் கணவன் ஹரி இருவருக்கும் ஐடி பார்க்கில் வேலை. அதற்கு முன் ஸ்ரீவராகத்தில் என் தெருவிலேயே இருந்தவர்கள். லட்டு அவர்களுடைய நாய். லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தது, மூன்று வயதுப் பெண். குணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

பிரச்சினை இதுதான். காலையும் மாலையும் கீழே புல்தரைக்குக் கொண்டு போவார்கள். அரை மணி நேரம் நடந்தாலும் லட்டு ஒன்றும் செய்யாது. மேலே வந்து யாரும் கவனிக்காத நேரம் பார்த்து, பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒன்றுக்கு இருந்துவிடும். பால்கனியில் தண்ணீர் வெளியே போகும் ஓவு வழியாக அது மூன்றாம் மாடியில் காயப்போட்ட துணியில் சொட்டும்.

அசோசியேஷன் செக்ரட்டரி என்னை லிஃப்ட் அருகில் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரே, எனக்கு நாயோட விரோதம் ஒண்ணும் இல்ல. பக்ஷே மூணாம் மாடியில உள்ள சேச்சி ஒரே முண்டு நாலு தடவ அலக்கித் தொவச்சா. இந்த மாசம் கழிஞ்சா கமிட்டி தீருமானிக்கும்."

மாதம் முடியப் பதினேழு நாள் இருந்தது. புல்லில் போனால் லட்டு வீட்டில் இருக்கலாம். இல்லையென்றால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

அரசு மிருகாஸ்பத்திரிகளில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். "ஒரு வாரம் போதும்" என்று சொன்னேன்.

2. புத்தக முறை

இப்போது பயிற்சி முடித்து வரும் டாக்டர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. பால்கனிக் கதவை அடைக்கச் சொன்னேன். லட்டு நனைத்த செய்தித்தாளைக் கொண்டு போய், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் இருக்கும் புல்தரையில் ஓர் இடத்தில் வைத்தேன். சாப்பிட்டு இருபது நிமிஷம் கழித்து லீஷில் கொண்டு போவது, அதே இடத்தில் நிற்பது, "போ லட்டு" என்ற ஒரே வார்த்தை, போனவுடன் ஒரு பனீர்த் துண்டு. முறையில் ஒரு பிழையும் கிடையாது.

நானே காலையும் மாலையும் வந்து லீஷைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லட்டு செய்தித்தாளை முகரும், சுற்றி வரும், பின்னங்காலைத் தாழ்த்தும், என்னைப் பார்க்கும், எழுந்துவிடும். இரண்டாம் நாளிலிருந்து கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு இது ஒரு பொழுதுபோக்காகிவிட்டது.

"சாரே, நாய்க்கு இன்னிக்கும் லீவா?"

காயத்ரி வீட்டில் வேலைக்கு வந்தவள் செல்வி. தென்காசிப் பக்கம். கணவனுக்கு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர் வேலை. எட்டு மாதமாகக் காலை எட்டு மணிக்கு வந்து மூன்றரை மணிக்குப் போவாள். புதன்கிழமை நான் லட்டுவை மேலே கொண்டுவந்து விட்டபோது அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கும் போவலயா சார்?"

"இல்லை."

"நீங்க மூஞ்சியவே பாத்துகிட்டு நிக்கிய. அது எப்படிப் போவும்? மத்தியானமும் மூணரைக்கும் நான் கொண்டு போவேன். கொடிக்கயித்துல நீளமாக் கட்டிட்டு, இந்தப் பக்கம் திரும்பி வீட்டுக்காரர்கிட்ட போன் பேசுவேன். அது பாட்டுக்குப் போயிட்டு வந்துரும்."

"புல்லிலேயா?"

"புல்லுலதான்."

"நீ பார்த்தியா?"

செல்வி சிரித்துவிட்டாள். "பாத்தா எப்படி சார் போவும்? ஈரத்த வச்சுத்தான் தெரியும்."

நான் நம்பவில்லை. எஜமானியிடம் நல்ல பேர் வாங்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். உள்ளறையில் இருந்து வந்த காயத்ரியும், "அவ அப்படித்தான் மாமா, எல்லாம் தனக்கு அறியும்னு சொல்லுவா" என்றாள். பால்கனியை அடைத்த பிறகும் அந்த நாய் மூன்று நாளாக எங்கே போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

3. ஒரு கேள்வி

வியாழக்கிழமை காலை செல்வி சொன்னதைச் சரிபார்ப்பதற்காக இல்லாவிட்டாலும், லட்டுவின் முகத்தைக் கொஞ்சம் கவனித்தேன். தாழ்ந்து உட்காரும்போது காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. கண் என் கையில் இருந்தது. நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்யக் கையைத் தூக்கினேன். லட்டு தரையோடு ஒட்டிக்கொண்டது. இது பிடிவாதம் இல்லை, பயம். மனிதன் பார்க்கும்போது மூத்திரம் போனால் தண்டனை உண்டு என்று அதற்கு யாரோ கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

மேலே போனேன். ஹரி லேப்டாப் பையோடு கிளம்பிக்கொண்டிருந்தான். காயத்ரி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். செல்வி அடுத்த தோசையோடு நின்றாள்.

"இதை யாரோ அடிச்சிருக்கா. மூத்திரம் போனதுக்கு அடிச்சிருக்கா" என்றேன்.

"நாங்களா? ஒரு நாளும் கிடையாது மாமா. நாங்க ஆபீஸ் போயிட்டா பகல் முழுக்க…"

காயத்ரி வாக்கியத்தை முடிக்கவில்லை. செல்வியைப் பார்த்தாள்.

"என்னய ஏங்க்கா பாக்கிய?" என்றாள் செல்வி.

அந்த நிமிஷத்தில் எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் இதே காயத்ரி லட்டுவை ஒரு துவர்த்துத் துண்டில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மூன்று மாதக் குட்டி. பூஜை அறை வாசலில் போய்விடுகிறது, மாமியார் வருத்தப்படுகிறார் என்றாள். நான் சொன்னேன்: "மூக்கைப் பிடிச்சு அதிலேயே நல்லாத் தேய். முதுகிலே ஒண்ணு போட்டு, நோன்னு சத்தமாச் சொல்லு. கொல்லையிலே தள்ளிக் கதவைச் சாத்து. நாலு நாள்ல நிக்கும்." நான்காம் நாள் அவள் போன் செய்து, "நின்னுடுத்து மாமா" என்று நன்றி சொன்னாள்.

நின்றது மனிதன் எதிரில் போவது மட்டும்தான். ஸ்ரீவராகத்தில் கொல்லைக் கதவைத் திறந்து தனியே விட்டதால் யாருக்கும் தெரியவில்லை. ஃப்ளாட்டில் அதைத் தனியே விட இடம் இல்லை. எப்போதும் லீஷின் மறுமுனையில் ஓர் ஆள்.

காயத்ரிக்கு அது அடியாகவே தோன்றியிருக்காது. டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்துபோலத்தான் அவள் அதைச் செய்தாள். எனக்கு மட்டும் தெரியும்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"அடிச்சியா செல்வி? உள்ளதைச் சொல்லு" என்றாள் காயத்ரி.

"ஒரு அடி அடிச்சதில்லக்கா. நான் சொன்னா அதுக்குப் புரியுது, பின்ன எதுக்கு அடிக்கப்போறேன்? சார், நீங்க சொல்லுங்க. நாயப் பாத்தாத் தெரியும்லா, என்னயப் பாத்தா அது பயப்படுதா?"

லட்டு அவள் காலடியில்தான் படுத்திருந்தது. வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

லிஃப்ட் வர நேரமாயிற்று. உள்ளே காயத்ரி, "நீ நாளைலேர்ந்து வரண்டாம். இன்னிக்கும் வேண்டாம்" என்று சொல்வது கேட்டது. திரும்பிப் போய் ஒரு வாக்கியம் சொல்ல நேரம் இருந்தது. லிஃப்ட் வந்தது, ஏறினேன்.

ஏன் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அந்த வீட்டில் என்னைப் பெரிய டாக்டர் என்று நினைத்தார்கள். அதைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

4. இருபத்தாறு மணி நேரம்

அன்று மாலை ஆறு மணிக்கு ஹரி கூப்பிட்டான். லட்டு முதுகை வளைத்துக்கொண்டு முனகுகிறது, சாப்பிடவில்லை என்றான். நேராக மிருக கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொல்லி, நானும் போனேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். மூத்திரப்பை நாரத்தங்காய் அளவுக்கு, கல் மாதிரி இருந்தது. முந்தின நாள் மூன்றரை மணிக்குச் செல்வி கொண்டு போனதுதான் கடைசி. பால்கனியை அடைத்தவன் நான். புல்லுக்குக் கொண்டு போனவளைப் போகவிட்டவனும் நான்.

டியூட்டி டாக்டர் இளம் பெண். அவள் கதீட்டர் குழாய் போட்டு மூத்திரத்தை எடுத்தாள், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பை வெடிக்கவில்லை, தொற்று ஏதும் இல்லை. அது என் சாமர்த்தியம் அல்ல.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரிடமும் சொன்னேன். மூன்று வருடத்துக்கு முன் நான் சொன்ன வைத்தியம், காலையில் எனக்கு அது ஞாபகம் வந்தது, சொல்லாமல் போனது, மூன்றையும் சொன்னேன்.

"அப்போ அவ உள்ளதைத்தான் சொன்னா, இல்லையா மாமா?" என்றாள் காயத்ரி.

"ஆமாம்."

"நீங்க அங்கேயே சொல்லியிருக்கலாம்."

ஹரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

5. சுவரைப் பார்த்து

பால்கனியை மறுபடி திறந்துவிட்டோம். மூன்றாம் மாடியிலிருந்து மறுபடி புகார் வந்தது. காயத்ரி நீளக் கயிறு வாங்கிக் கட்டிப் பார்த்தாள். திரும்பி நின்றாலும் நடுநடுவே எட்டிப் பார்த்துவிடுகிறாள், லட்டு எழுந்துவிடுகிறது. செல்விக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது.

செல்வி ஒரு லேடீஸ் ஹாஸ்டல் சமையலறையில் சேர்ந்துவிட்டாள் என்று செக்யூரிட்டி சொன்னார். தேடிப் போனேன். சமையலறை வாசலில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். நான் நடந்ததைச் சொல்லி முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் இருக்கையில கேட்டிய. இங்க தனியா வந்து சொல்லுதிய."

கீழே வைத்த கத்தியை மறுபடி எடுத்தாள்.

"அந்த ஃப்ளாட்டுல இப்ப என்னய என்னன்னு சொல்லுதாங்க தெரியுமா? நாயப் போட்டு அடிச்சவளாம். மேல ஆறாம் மாடியிலயும் ஒரு வீட்டுல கேட்டிருந்தேன். வேண்டாம்னுட்டாங்க. நாயே அடிச்சவ பிள்ளையப் பாத்துக்கிடுவாளான்னு கேட்டாங்களாம்."

ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிக் கேட்டேன். லட்டுவுக்காக வருவதாகச் சொன்னாள்.

ஞாயிறு காலை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் காயத்ரி, ஹரி, செக்ரட்டரி, மூன்றாம் மாடிச் சேச்சி, நான் கூப்பிட்டு வரவழைத்த ஆறாம் மாடி வீட்டம்மா எல்லாரும் நின்றார்கள். செல்வி வந்தவுடன் சொன்னேன். இந்த நாய்க்குப் பயம் காட்டியது என் வைத்தியம். செல்வி இதை அடிக்கவில்லை. எனக்கு அது அன்றைக்கே தெரியும், தெரிந்தே இவள் பழி ஏற்கும்படி விட்டேன். இரண்டு நிமிஷப் பேச்சு. ஐந்து பேர் முன்னால் அது ரொம்ப நீளமாக இருந்தது.

செக்ரட்டரி, "ஆயிக்கோட்டே, போகட்டும் டாக்டரே" என்று தரையைப் பார்த்தார்.

செல்வி கொடிக்கயிற்றை லட்டுவின் காலரில் கட்டினாள். "எல்லாரும் அந்தச் சுவரப் பாத்து நில்லுங்க" என்றாள்.

நின்றோம். செக்ரட்டரி, சேச்சி, கணவன் மனைவி, நான், ஆறாம் மாடி வீட்டம்மா என்று வரிசையாகக் காம்பவுண்டு சுவரைப் பார்த்து நின்றோம். செல்வி எங்களோடு நின்று, அரிசி விலையைப் பற்றிச் சேச்சியிடம் பேச ஆரம்பித்தாள். சேச்சி மலையாளத்தில் பதில் சொன்னாள். எனக்குத் திரும்பிப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. டாக்டர் வேலை முழுக்கப் பார்ப்பதுதான். பார்க்காமல் நிற்பது எனக்குத் தெரியாத வேலை.

கயிறு தளர்ந்தது. செல்வி திரும்பி, புல்லைத் தொட்டுப் பார்த்தாள்.

"முடிஞ்சிட்டு."

காயத்ரி அதே மாதிரி இருபது நாள் செய்தாள். கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். அதற்குப் பிறகு லட்டு அவள் பக்கத்திலேயே புல்லில் போக ஆரம்பித்தது. கமிட்டியில் அந்த விஷயம் எடுக்கப்படவே இல்லை.

இளம் டாக்டர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. புல்லில் போகாத நாயைப் பார்க்கப் போனால், குட்டியாக இருந்தபோது அதை எப்படித் திருத்தினீர்கள், யார் சொல்லித் திருத்தினீர்கள் என்று முதலில் கேளுங்கள். பதிலில் ஒரு டாக்டரின் பேர் வரலாம். என் சர்வீஸில் அந்த மூக்குத் தேய்க்கும் வைத்தியத்தை எத்தனை வீடுகளுக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அந்த நாய்கள் எல்லாம் செத்துப்போயிருக்கும். இரண்டாவது, பதில் உங்கள் பேராக இருந்தால் லிஃப்ட் வருவதற்குள் சொல்லிவிடுங்கள்.

காயத்ரி செல்வியை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டாள். ஆறாம் மாடி வீட்டிலும் கூப்பிட்டார்கள். செல்வி இரண்டு இடத்துக்கும் போகவில்லை.