நாலு பந்துக்காரன்

ஒவ்வொரு பந்தையும் எறியும் முன் தீபக் இடது காலணியின் நுனியால் தரையை மூன்று முறை தட்டுகிறான். அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வலை கட்டி, பேஸ்பால் கற்பிக்கிறான். வயது நாற்பத்திரண்டு, தொந்தி எட்டிப் பார்க்கிறது. பிறந்தது இங்கேதான் என்றாலும் தாயார் கண்மணி பொள்ளாச்சிக்காரர். ஆகவே அமெரிக்க நாக்கில் கொங்குத் தமிழ் புரள்கிறது.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஆடியவனாயிற்றே என்று யாரேனும் வியந்தால், "ஒரு நாள் போய்ட்டு வந்தேனுங்க, அவ்வளவுதானுங்க" என்கிறான், ஏதோ பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போய்வந்தவனைப் போல. சுவரில் ஒரு படம்கூட மாட்டவில்லை. அந்த அடக்கம்தான் சேனாபதியின் வயிற்றெரிச்சல்.

சேனாபதி பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சரில் மகள் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர். 'மாநிலக் கிரிக்கெட் அணியில் மூன்றாண்டுகள் இருந்தவர்' என்ற அறிமுகத்தோடு, தமிழ்ச் சங்க விளையாட்டு விழாவில் ஒன்பது ஆண்டுகளாகப் பரிசு வழங்கி வந்தவர். இவ்வாண்டு அந்த நாற்காலி தீபக்குக்கு என்று செயற்குழு முடிவு செய்துவிட்டது.

தீபக்கின் பெயரை இணையத்தில் துருவினார். ஒரே ஆட்டம், ஒரே மட்டையாளர், நான்கு பந்துகள், நான்காவது பந்து வேலிக்கு அப்பால். எவரையும் ஆட்டமிழக்கச் செய்யாததால் சராசரிக்கான கட்டத்தில் முடிவிலி.

"நாலு பந்துக்காரனுக்கு மாலையா!" என்று மனைவி ஹம்சாவிடம் பொருமினார்.

"உங்க பேரைத் தட்டினா என்ன வருது?"

தட்டினார். ஒடிசாவில் ஒரு பல் மருத்துவர் வந்தார்.

மறுநாள் தீபக்கின் கிடங்குக்கு நேரிலேயே போய்விட்டார்.

"அந்த நாலாவது பால் ஏம்பா அப்படிப் போச்சு?"

"நல்ல பால்தானுங்க அங்கிள். அவன் அதைவிட நல்லா அடிச்சுட்டான்." சிரித்தான். அந்தச் சிரிப்பில் கசப்பு ஒரு துளியும் இல்லாதது சேனாபதிக்கு இன்னும் எரிந்தது. "நீங்க ஸ்டேட்டுக்கு எத்தனை கேம் ஆடினீங்க?"

ஒன்பது ஆண்டுகளில் எவரும் கேட்காத கேள்வி. பொய் நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"ட்வெல்த் மேன்" என்றார். அவனுக்கு விளங்கவில்லை. "பதினோரு பேர் ஆடுவாங்க. நான் தண்ணி கொண்டுபோவேன்."

"கேம் நடக்கறப்பவேவா? கிரவுண்டுக்குள்ளயா?" தீபக்கின் விழிகள் விரிந்தன. "நான் ஒரே ஒருக்கா உள்ள போனேனுங்க. நீங்க மூணு வருசம் போயிருக்கீங்களே!"

கேலியோ என்று அவன் முகத்தைத் துழாவினார். கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை, நிம்மதியாக வெறுத்திருக்கலாம்.

"என் பௌலிங்க நீ பாத்ததில்லடா!" என்று சீறினார்.

தீபக் பந்தெறியும் மேட்டைவிட்டு இறங்கினான். பந்தை அவர் உள்ளங்கையில் வைத்தான். எதிர்முனைக்கு நடந்துபோய், முழங்கால்கள் மளுக்கென்று ஒலிக்கக் குந்தி உட்கார்ந்து, பந்தைப் பிடிக்கக் கையுறையை விரித்துக் காட்டினான்.