மொசெங்கோ கூப்பிட்ட பெயர்

பாட்டுக்கு நடுவே ஒருவருடைய பெயரைக் கூவுவது கொங்கோ நாட்டு ரும்பா இசையில் பெரிய மரியாதை. கிற்றார் வேகமெடுத்துச் சனம் முழங்கால் வலியை மறந்து ஆடுகிற இடத்தில், பாடகர் தனக்கு வேண்டியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அந்நாட்டுத் தலைநகர் கின்ஷாசாவில் பாடகர் பப்பா மொசெங்கோவின் வாயில் தங்கள் பெயர் வரவேண்டுமென்று அமைச்சர்களே சிபாரிசு பிடித்தார்களாம். அந்த அமைச்சர்களை இப்போது ஒருவருக்கும் தெரியாது. பாட்டுகளுக்கு மட்டும் கல்யாண வீடுகளில் இன்னும் ஆடுகிறார்கள்.

பெருங்கலைஞர்களை மொன்றியல் நன்றாகவே கவனிக்கும். கனடாவுக்கு வந்துசேர்ந்த மொசெங்கோவுக்குப் பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடி வீட்டையும், துறைமுகப் பக்கத்துக் கிடங்கொன்றில் பெட்டி ஏற்றுகிற வேலையையும் கொடுத்தது. கூடவே பெட்டி ஏற்றியவர் இரண்டாம் மாடி நீக்கிலாப்பிள்ளை, மன்னார்க்காரர். ஓய்வு பெற்ற பிறகு மொசெங்கோ படிக்கட்டுப் பனியில் வழுக்கி இடுப்பை முறித்துக்கொண்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க நீக்கிலாப்பிள்ளை, பனங்கிழங்கு மாவில் காய்ச்சிய ஒடியல் கூழோடு மேலே ஏறினார். பாதி பிரெஞ்சில், பாதி சைகையில் கதைத்தார்கள்.

பனி கரைந்ததும் மொசெங்கோ தன் கடைசிப் பாட்டைப் பதிந்தார். வெளியிடுமுன் கீழ்வீட்டுக்கு அனுப்பினார். நீக்கிலாப்பிள்ளையின் மகள் ஜென்சி அதைக் கைபேசியில் போட்டாள். கிற்றார் துள்ளியது. முதல் பெயரே, "நீக்கிலாப்பிள்ளை!"

மனைவி திரேசம்மா சிலுவை போட்டுக்கொண்டார். அவர் அறியக் கோயிலில் பெயர்களை அப்படிக் கூப்பிடுவது நவம்பர் மாதப் பூசையில்தான். அதுவும் மரித்தவர்களுக்கு.

"இஞ்சேருங்கோ, அந்த மனுசன் உங்களை உயிரோடை அனுப்பிப்போட்டார். போய்ப் பேரை எடுக்கச் சொல்லுங்கோ."

"அம்மா, அது அவையின்ர மரியாதை."

"மரியாதையைச் செத்தாப்பிறகு செய்யட்டும்!"

நீக்கிலாப்பிள்ளை மேலே போய்ச் சொன்னார். ஏன் என்று மொசெங்கோ கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு கூழோடு போனால் கதவு திறக்கவில்லை. சாப்பிட்டாயிற்று என்று உள்ளேயிருந்து குரல்தான் வந்தது. சட்டி சூடு ஆறாமலே கீழே இறங்கியது. நீக்கிலாப்பிள்ளையும் அதைத் தொடவில்லை. எதிரே இருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே திரேசம்மா சாப்பிடவேண்டியிருந்தது. அது பெரிய தண்டனை.

பாட்டு வெளியீடு பங்குக் கோயில் மண்டபத்தில் நடந்தது. அழைப்பு வந்திருந்தது, மொசெங்கோ வந்து சொல்லவில்லை. இருந்தும் மூவரும் போனார்கள். மஞ்சள் கோட்டும் ஊன்றுகோலுமாக மேடையில் நின்ற மொசெங்கோ பாடினார். பெயர் கூவுகிற அந்த இடம் வந்தது. வாயைத் திறந்தார். கீழே இருந்த நண்பரைப் பார்த்தார். மூடிக்கொண்டார். வேறு எவர் பெயரையும் அங்கே வைக்கவில்லை. கிற்றார் மட்டும் தனியே போய்க்கொண்டிருந்தது. நீக்கிலாப்பிள்ளை தலை குனிந்தார்.

"நீக்கிலாப்பிள்ளை!"

கூவியவர் திரேசம்மா. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து புருசன் பெயரை வாயால் சொல்லாதவர். கிளினிக்கில் கேட்டாலும் அவருடைய மருத்துவ அட்டையைத்தான் நீட்டுவார்.

மண்டபம் அதைத் திருப்பிக் கூவியது. மொசெங்கோ ஊன்றுகோலைத் தூக்கிப்பிடித்து, அதையே ராகம் போட்டு இழுத்தார்.

நீக்கிலாப்பிள்ளை மேடையைப் பார்க்கவில்லை. மனைவியைத்தான் பார்த்தார்.

"என்ன பாக்கிறியள்? உயிரோடைதானே இருக்கிறியள்? எழும்பி ஆடுங்கோ."