கரண்டு போன பிறகும் எரிந்த லேசர்

கரண்டு போனதும் எங்கேயாவது யு.பி.எஸ். கத்தினால் இன்றும் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். என் வீட்டில் அந்தப் பெட்டியை வாங்க நான் விட்டதில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் விரிவுரையாளர். சிலிக்கான் தானாக வெளிச்சம் தராது. வெளிச்சம் தரும் வேறொரு படிகத்தின் மெல்லிய துண்டை அதன் மேல் ஒட்டி, சில்லையே லேசராக்க முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. வெளியூரில் ஒட்டி வாங்கிவந்த சில்லு, நகக்கண் அளவுதான் இருக்கும். அதை உசுப்பிவிட இன்னொரு லேசரை அதன் மேல் அடிக்க வேண்டும். அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதே பாதையில் ஒரு சிவப்பு லேசரையும் விட்டு, சிவப்புப் புள்ளி விழும் இடத்தைப் பார்த்துக் குறி வைப்போம். சிவப்பு தெரியாவிட்டால் ஆபத்தில்லை என்று எங்கள் கண் பழகிப்போயிருந்தது.

ஆய்வக உதவியாளர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். இடது கண் பிறவியிலேயே மங்கல். மற்ற கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தலைமுடி போன்ற கண்ணாடி ஃபைபரைச் சில்லுக்கு நேராகப் பொருத்திவிடுவார். இரண்டு கண் இருந்தும் எனக்கு அது வராது.

அடிக்கடி கரண்டு போனால் லேசர் பாழாகிவிடும் என்று, அன்று காலை அந்தத் தெரியாத லேசரின் ஒயரைப் பிடுங்கி யு.பி.எஸ்.ஸில் சொருகியது நான்தான். அவரிடம் சொல்லவில்லை. மதியம் கரண்டு போனது. ஃபேன் நின்றது, சிவப்பு அணைந்தது, யு.பி.எஸ். கீக் கீக்கென்று கத்தியது. காலையில் சொருகியதை மறந்தே போய், கம்ப்யூட்டருக்காகக் கத்துகிறது என்று நினைத்தேன்.

“அணைஞ்சிருச்சுல்ல மேடம்? செத்த நேரம் சில்லைப் பாத்துர்றேன்.”

“எல்லாம் அணைஞ்சிருச்சுண்ணே, பாருங்க.”

லென்ஸை எடுத்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தவர் என் பக்கம் திரும்பி, “ஒங்க மொகத்தக் காணோமே மேடம்” என்றார். வலி எதுவும் இல்லையாம்.

அவருக்கு நடுப் பார்வை போய்விட்டது. ஓரம் தெரியும், நேராகப் பார்ப்பது தெரியாது. மதுரை டாக்டர் கையை விரித்துவிட்டார். “நாந்தான் அவசரப்பட்டுட்டேன்” என்று கல்லூரி முதல்வரிடம் அவரே சொன்னார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். கேவலமான பயம்.

அந்த வருடம் கல்லறைத் திருநாளன்று, உண்மையைச் சொல்லிவிடுவது என்று அவரைத் தேடிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவர் அம்மாவின் கல்லறைக்கு வெள்ளையடித்து, சாமந்தி பரப்பி, மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்கள். சாயங்காலக் காற்று பலமாக அடித்தது. சுடரை நேராகப் பார்த்தார். பிறகு கோழி பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“அணைஞ்சிருச்சா மேடம்?”

“இல்லண்ணே, எரியுது.”

“சரி மேடம்” என்றார். சொல்லிவிட்டு, உள்ளங்கையை மெல்லச் சுடருக்கு மேலே கொண்டுபோய்ச் சூடு இருக்கிறதா என்று பார்த்தார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.