ரவிக்கையும் மாத்திரையும்

ஹட்டனில் ரவிக்கை தைத்துப் பிழைக்கிறவள் நான். ஊரில் பாதிப் பெண்களின் அளவு எனக்கு மனப்பாடம். ஆனாலும் நான் ஆசை ஆசையாகத் தைத்தது எனக்கென்று தைத்துக்கொண்ட மாம்பழ நிற ரவிக்கையைத்தான். திருநங்கையாக வாழத் தொடங்கி, ஹோர்மோன் மாத்திரை எடுக்க ஆரம்பித்து மார்பு வளர்ந்த பிறகு, அதன் பக்கத் தையலை இரண்டு தடவை பிரித்துத் தளர்த்தியிருக்கிறேன். அந்த இரண்டு நாளும் எனக்குத் தீபாவளிதான்.

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரை பற்றிய ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்க ஒரு டொக்டரம்மா வந்தார். அந்த மாத்திரை எனக்கு வேண்டும். பயமில்லாமல் வாழ யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் அதைத் தினமும் விழுங்கினால் ஹோர்மோன் வேலை செய்யாமல் போய்விடுமோ என்ற கவலையும் இருந்தது.

ஒரு கடையின் மேல்மாடியில் கூட்டம். மஸ்கெலியா, கொத்மலைப் பக்கமிருந்தெல்லாம் எங்கள் ஆட்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டரம்மா படம் போட்டுப் பொறுமையாக விளக்கினார். ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் என்ற குழுவில் திருநங்கைகளான எங்களையும் சேர்த்திருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது.

எழுந்து கேட்டேன். "இதப் போட்டா எங்க ஹோர்மோன் கொறையுங்களா டொக்டர்? நான் ரெண்டு தடவ ஜாக்கெட்டப் பிரிச்சு விட்டவ. திரும்பப் பிடிச்சுத் தைக்க மாட்டேன்."

கூட்டமே சிரித்தது. டொக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. "வெளிநாட்டில பார்த்தவரைக்கும் குறையேல்ல எண்டுதான் சொல்லுகினம். இங்க ஒருத்தரும் பார்க்கேல்ல. எங்கட ஆராய்ச்சியிலயும் அந்தக் கேள்வி இல்லை."

"ஏங்க இல்ல?"

"ஆம்பிளையளுக்கு எண்டு நினைச்சு எழுதினது," என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து இஞ்சித் தேத்தண்ணீரும் உளுந்து வடையும் வந்தன. என் அம்மா எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிற்சங்கத்தின் மாதர் தலைவி. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நிர்வாகத்தோடு பேச்சு முடியாமல் அவர் கொழுந்து பறிக்க மலைக்கு ஏறியதில்லை. கோரிக்கை முடியும்வரை எதிர்த் தரப்பின் தேத்தண்ணீரைத் தொடக்கூடாது என்பது அவர் சட்டம். நான் கையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"நாங்க ஸ்ட்ரைக்குங்க டொக்டர். எங்களுக்குத் தனிக் குழு வேணும். ஹோர்மோனையும் பாக்கணும். அப்பறந்தான் தேத்தண்ணி."

டிக்கோயாவில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் அக்கா, எங்களில் மூத்தவர், என் காதில் கேட்டார். "ஏண்டி, வடைக்குமா ஸ்ட்ரைக்கு?"

"வடைக்குந்தான்."

அவர் விட்ட பெருமூச்சு டொக்டரம்மாவுக்கே கேட்டிருக்கும்.

டொக்டரம்மா வெளியே போய் யார் யாரிடமோ போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து நாற்காலியை விட்டுவிட்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தார். "உடன செய்யேலாது. திட்டத்தைத் திருப்பி எழுதி அனுமதி எடுக்கவேணும். எழுதேக்க உங்களில ரெண்டு பேர் எங்களோட இருக்கவேணும். சரியோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா "சரிங்க" என்றார். வடை ஏற்கெனவே வாய்க்குள் போயிருந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். "தேத்தண்ணி குடிச்சியா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"பேசி முடிஞ்ச பெறகுதாம்மா."

"அப்ப சரி," என்று அடுப்பைப் பார்க்கத் திரும்பினார். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

எழுதும் வேலைக்கு அக்காவும் நானும் போனோம். அக்கா கடை பூட்டும் ஞாயிறுகளில் கிளினிக் திறக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார். திருநங்கைகளுக்கென்று தனிக் குழு வந்தது. இரத்தம் எடுக்கும்போதெல்லாம் ஹோர்மோன் அளவையும் பார்த்தார்கள். நானும் சேர்ந்து மாத்திரையைப் போட ஆரம்பித்தேன்.

சில மாதம் கழித்து, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு முதல் நாள் டொக்டரம்மா போன் எடுத்தார். "உங்கட ரிப்போட் வந்திட்டுது. ஹோர்மோன் குறையேல்ல."

"ரொம்ப சந்தோசங்க டொக்டர். இப்ப மடியில அந்த ஜாக்கெட்டுதான் இருக்கு. மூணாந்தடவையாப் பிரிச்சுக்கிட்டு இருக்கேன்."

அன்று கூட்டத்தில் சிரிக்காதவர் இப்போது வாய்விட்டுச் சிரித்தார். நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மிச்சத் தையலையும் பிரித்தேன்.