விற்றுக் குறைத்த புகை

1. தீர்ப்பு வந்த காலை

அந்த வெளிநாட்டுத் தீர்ப்பு எங்கள் பிளான்ட்டுக்கு வந்து சேர்ந்த காலையில் பாய்லர் நின்றுபோய்க் கிடந்தது. ஃபர்னஸ் ஆயில் லைனில் அடைப்பு. கறுப்புக் கூழ் மாதிரி இருக்கும் எண்ணெய் அது, சூடேற்றினால்தான் நகரும். நானும் ஆபரேட்டர் மாரியப்பனும் பர்னரைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தோம். பிளான்ட் ஹெட் எல்லோரையும் கூப்பிடுகிறார் என்று செக்யூரிட்டி வந்து சொன்னார். வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு ட்ரெய்னிங் ரூமுக்கு ஓடினோம்.

எங்களுடையது வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் இன்ஜின் ஆயிலும் கிரீஸும் தயாரிக்கிற பிளான்ட். சொந்தக்காரர் ஒரு வெளிநாட்டு எண்ணெய் கம்பெனி. பெயர் வேண்டாம். நான் அங்கே யூடிலிட்டி இன்சார்ஜ். பாய்லர், கம்ப்ரஸர், ஜெனரேட்டர், தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. ஓடுகிறவரை யாரும் திரும்பிப் பார்க்காத டிபார்ட்மென்ட்.

பிளான்ட் ஹெட் ரகுநாதன் சார் மைக் வைக்காமலே பேசினார்.

"நம்ம தாய்க் கம்பெனி மேல அவங்க நாட்டுல ஒரு கேஸ் நடந்துச்சு. வெள்ளத்துல வீட்டை இழந்தவங்க போட்ட கேஸ். எண்ணெய் எடுத்து, எண்ணெய் வித்துச் சம்பாதிக்கிற நீதான் கார்பனையும் குறைக்கணும்னு ஜட்ஜ் சொல்லிட்டார். எங்கெங்க பிளான்ட் இருக்கோ எல்லாமே கணக்குல வரும். நாமளும் வர்றோம்."

மாரியப்பன் கையைத் தூக்கினார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். "சார், ஒரு சந்தேகம். அந்த ஊரு ஜட்ஜய்யா சொன்னா நம்ம பாய்லர் கேக்குமா?"

எல்லோரும் சிரித்தோம். ரகுநாதன் சார் சிரிக்கவில்லை. "கேக்கணும் மாரியப்பன். கேக்க வைக்கத்தான் நான் இருக்கேன்."

எனக்கு வேறொன்று மனதில் ஓடியது. பெருமழை பெய்த ஒரு வருடம் பிள்ளைப்பாக்கத்தில் என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அன்றைக்கு வானத்தையும் பஞ்சாயத்தையும் திட்டித் தீர்த்தேன். அதற்காக ஒரு எண்ணெய் கம்பெனியைக் கூண்டில் ஏற்றலாம் என்று என் தலையில் உதித்ததே இல்லை. என்னைப்போல வீட்டில் தண்ணீர் புகுந்த யாரோ சிலர் ஏற்றியிருக்கிறார்கள். அதுவும் நான் சம்பளம் வாங்குகிற கம்பெனியை. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று புரியவில்லை.

2. சட்டை நனையாத வேலை

ரகுநாதன் சார் சொன்னதைச் செய்தார். ஃபர்னஸ் ஆயில் பாய்லரை எடுத்துவிட்டு எலெக்ட்ரிக் பாய்லர், குடோன் கூரை முழுக்க சோலார் என்று திட்டம் போட்டு மேலே அனுப்பினார். அனுமதியும் வந்தது. பாய்லர் ஹவுஸுக்குப் பின்னால் பள்ளம் தோண்டி ஃபவுண்டேஷன் போட்டோம். மாரியப்பனை பாய்லர் செய்கிற கம்பெனிக்கே ட்ரெய்னிங் அனுப்பினோம்.

போகும்போது அவர் முகம் சரியில்லை. கரண்டில் ஓடுகிற பாய்லருக்கு ஆள் எதற்கு, தன் வேலை போய்விடும் என்று நினைத்திருந்தார். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தார்.

"அண்ணே, அங்க பாய்லர் ரூம்ல ஒருத்தன் சட்டை நனையாம நிக்கான். நெசமாத்தான் சொல்லுதேன். நான் அவன் முதுகையேதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

எங்கள் பாய்லர் ஹவுஸ் தகரக் கூரை. கோடையில் உள்ளே போனால் கண் இமை சுடும். மாரியப்பன் ஒரு ஷிஃப்டுக்குள் சட்டையைப் பலமுறை பிழிந்து போடுவார். படப்பையில் வாடகை வீடு. மனைவி பேச்சியம்மாள் ஒரு பேக்கிங் யூனிட்டில் வேலை பார்த்தார். ஒரே மகள் காலேஜில். "புது பாய்லர் வந்துட்டா ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஓட்டிருவேன்ணே" என்று அடிக்கடி சொல்வார். அவருக்கு அந்தத் தீர்ப்பு கார்பனைப் பற்றியது அல்ல. தன் உடம்பைப் பற்றியது.

3. கேட்டில் மாறிய போர்டு

கோட் போட்ட சிலர் வந்து பிளான்ட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஃபவுண்டேஷனைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டார்கள். புது பாய்லருக்காக வந்தவர்கள் என்றால் அது தெரிந்திருக்குமே என்று எனக்கு அப்போதே உறுத்தியது. அடுத்த வாரம் ரகுநாதன் சார் என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏழுமலை, பிளான்ட்டை வித்துட்டாங்க."

"யாருக்கு சார்?"

"பேர் சொன்னா உனக்குத் தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரியும்."

"அப்போ எலெக்ட்ரிக் பாய்லர்?"

"கேன்சல். வாங்குறவங்க இருக்கிறதை இருக்கிறபடியே வாங்குறாங்க."

"லாபத்துலதான சார் ஓடுது? இன்னாத்துக்கு விக்கணும்?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "கோர்ட்டு குறைக்கச் சொல்லிடுச்சு. குறைக்க ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நாம செய்ய இருந்தது. இன்னொண்ணு, வித்துடுறது. வித்துட்டா இந்தப் புகை அவங்க கணக்குல வராது. கோர்ட்டுல போய், குறைச்சுட்டோம்னு சொல்லலாம். பொய்யும் இல்ல."

"சார், பாய்லர் அப்டியே எரிஞ்சிகினுதான கீது?"

"எரியும். அவங்களோடது இல்ல, அவ்வளவுதான்."

கேட்டில் போர்டு மாறியது. யூனிஃபார்ம் நிறம் மாறியது. ஆனால் ஃபில்லிங் லைனில் டின்கள் மாறவில்லை. பழைய கம்பெனியின் அதே எண்ணெய், அதே பெயர், அதே டின். புது முதலாளி அவர்களுக்கே செய்து கொடுப்பதாக ஒப்பந்தம். லாரிகள் முன்பு போன இடத்துக்கேதான் போயின. ரகுநாதன் சார் சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டார். கிளம்புகிற அன்று பாய்லர் ஹவுஸுக்கு வந்து மாரியப்பன் கையைப் பிடித்துக் குலுக்கினார். பின்பக்கம் போய் அந்தக் காலி ஃபவுண்டேஷனைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

4. அந்தக் கோடை

புது நிர்வாகம் முதலில் ரிலீவரை எடுத்தது. ஒருவர் டீ குடிக்கப் போனால் பாய்லரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருப்பாரே, அந்த ஆள். பிறகு பாய்லர் ஹவுஸ் அனலை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் ரிப்பேரானது. மாற்றச் சொல்லிக் கேட்டேன். அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம் என்றார்கள். மறுபடியும் கேட்டேன். "பாய்லர்னா சூடாத்தான் சார் இருக்கும்" என்றார் புது மேனேஜர்.

அந்த வருடம் அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே வெயில் கொளுத்தியது. லாரி டிரைவர்கள் ஸ்டியரிங்கில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டீம் பிரஷர் இறங்குகிறது என்று புரொடக்‌ஷனிலிருந்து போன் வந்தது. மாரியப்பனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஓடினேன்.

பர்னர் பக்கத்தில் விழுந்து கிடந்தார். எப்போதும் நனைந்தே இருக்கும் உடம்பு பொட்டு வேர்வை இல்லாமல் காய்ந்திருந்தது. தொட்டால் பைப்பைத் தொட்ட மாதிரி சுட்டது. கண் திறந்திருந்தது; என்னைத் தெரியவில்லை. "லைன்ல அடைப்பு... அடைப்பு எடுத்துட்டு வாரேன்" என்று முனகினார். வெளியே இழுத்துப்போட்டு ஃபயர் ஹோஸைத் திறந்து தண்ணீர் அடித்தோம். ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் கம்பெனி வேனிலேயே ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்து சென்னைக்கு அனுப்பினார்கள். மறுநாள் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹெச்.ஆர். வந்து என்னைத் தனியாக அழைத்தார். "அவருக்கு பிரஷர் இருந்துச்சாமே? நேச்சுரல் டெத்துதான் சார். வெயில் எல்லாருக்கும்தான் அடிக்குது."

பேச்சியம்மாள் பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்தார். காதில் விழுந்ததா தெரியாது. அவரை விட்டு விலகிப்போய் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் கை ஓங்கிவிடுவேன் என்று பயம்.

5. சாட்சி

சில மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு பெண் வக்கீல் என்னைத் தேடி வந்தார். அந்த வெளிநாட்டு வழக்கைப் போட்டவர்களுக்காக இங்கே வேலை பார்ப்பவர். உத்தரவுப்படி குறைத்துவிட்டதாகப் பழைய கம்பெனி சொல்கிறது, அது குறைத்ததல்ல, விற்றது என்று இவர்கள் மறுபடியும் கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள். விற்கப்பட்ட பிளான்ட்டில் வேலை செய்கிற ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும்.

"உங்க வேலைக்கு ஆபத்து வரலாம் சார். அதை மறைச்சு உங்களைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை" என்றார் அந்த வக்கீல்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி சோறு போட்டுக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "போய் சொல்லிட்டு வா. வேல போனா போவட்டும். நாளைக்கு அந்தப் பேச்சியம்மா மூஞ்சில நீதான முழிக்கணும்?"

சென்னையில் வக்கீலின் ஆபீஸில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். வீடியோவில் அந்தப் பக்கம் அந்த வெளிநாட்டுக் கோர்ட். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். பிளான்ட் கைமாறிய பின்பும் பாய்லர் அதேதானா? அதேதான். எண்ணெய் எரிவது குறைந்ததா? இல்லை. டின்னில் யார் பெயர்? பழைய கம்பெனி பெயர். எல்லாம் சொன்னேன். மாரியப்பனைப் பற்றியும் ஆரம்பித்தேன். பழைய கம்பெனியின் வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். நீதிபதி தலையசைத்தார். "இந்த வழக்கில் அந்த மரணம் விசாரிக்கப்படவில்லை, அதைப் பதிவு செய்ய முடியாது என்கிறார்" என்று மொழிபெயர்ப்பாளர் மெதுவாகச் சொன்னார்.

பிறகு கம்பெனி வக்கீல் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. மரியாதையான மனிதர்.

"இன்று உங்களுக்குச் சம்பளம் கொடுப்பது எங்கள் கம்பெனியா?"

"இல்லை."

"அந்த பாய்லரை நிறுத்தச் சொல்லி எங்கள் கம்பெனி இன்று உத்தரவு போட்டால், உங்கள் நிர்வாகம் கேட்டாக வேண்டுமா?"

"இல்லை."

"நன்றி."

அவ்வளவுதான். இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மை எங்களுக்கு எதிராகப் போய் நின்றது.

தீர்ப்பு எங்கள் பக்கம் வரவில்லை. கம்பெனிக்குப் பொறுப்பு உண்டு, ஆனால் தன்னிடம் இருப்பதற்கு மட்டும்தான். விற்றுவிட்டதற்கு இல்லை என்றது கோர்ட். இங்கே புது நிர்வாகம் என்னை ஆந்திரா குடோனுக்கு மாற்றி ஆர்டர் கொடுத்தது. போகவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

6. படப்பையில்

தீர்ப்பைச் சொல்ல பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். முழுக்கக் கேட்டார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அண்ணே, அங்க அவுக பேரச் சொன்னீயளா?"

"சொன்னேம்மா."

"எழுதிக்கிட்டாவளா?"

"இல்லம்மா. அந்த கேஸ்ல அது வராதுன்ட்டாங்க."

அவர் அழவில்லை. "அப்ப எந்த கேஸ்ல வரும்? அத சொல்லுங்க" என்றார்.

அதே பெண் வக்கீலிடம் அழைத்துப் போனேன். இங்கேயே வழக்குப் போட்டோம். புது முதலாளி, பழைய எண்ணெய் கம்பெனி இருவர் மேலும். வேலைக்கு வைத்தவன் ஒருவன், யாருக்காக அந்த பாய்லர் எரிந்ததோ அவன் இன்னொருவன் என்று வக்கீல் எழுதினார். கோடை இவ்வளவு கொடுமையானதில் எண்ணெய் விற்றவனுக்கும் பங்கு உண்டு என்று ஒரு பாராவும் சேர்த்தார். "இதை ஒத்துக்குவாங்களான்னு தெரியாது. ஆனா யாராவது ஒருத்தர் இங்கேயும் கேட்டாகணும்" என்றார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. நான் அதில் சாட்சி. அந்த பாய்லரும் இன்னும் எரிகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது சிம்னி தெரியும்.

பாய்லர் ஹவுஸில், டேங்க் யார்டில், லோடிங் பேயில் இன்று வேலை பார்க்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான். உங்கள் கம்பெனி கார்பனைக் குறைத்துவிட்டோம் என்று போர்டு வைத்தால் கை தட்டுவதற்கு முன்னால் கேளுங்கள்: நிறுத்தினீர்களா, விற்றீர்களா? விற்றிருந்தால், அங்கே இப்போது யார் நிற்கிறார்கள்? கேட்பதால் வேலை போகலாம். எனக்குப் போனது. கோர்ட்டுக்குப் போனால் உடனே நியாயம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் வானம், விதி, வயசு என்று சொல்லிக் கையை உதறிவிட முடியாது. இதற்கெல்லாம் பொறுப்பாளி என்று ஆள் உண்டு, அவனுக்கு விலாசமும் உண்டு என்பதை அந்த வீடிழந்த ஜனங்களிடமிருந்துதான் கற்றேன்.

போன வாய்தாவில் இரண்டு கம்பெனி வக்கீல்களும் தங்கள் கட்சிக்காரருக்குப் பொறுப்பில்லை என்று வாதாடினார்கள். ஒருவர் இன்னொருவரைக் கை காட்டினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "ரெண்டு பேருக்கும் சம்பந்தமில்லைன்னா அந்த மனுஷன் யாருக்காக அங்க நின்னுட்டிருந்தார்?"

இருவரும் பதிலுக்கு அவகாசம் கேட்டார்கள். அடுத்த வாய்தா போட்டார்கள். வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றபோது பேச்சியம்மாள் கேட்டார்.

"பதில் தெரியாமலா அண்ணே வாய்தா வாங்குதாவ?"