இத்தாலியில் பிறந்து செம்பாக்கத்து முகங்களை வரைந்த லூசியா அக்கா

லூசியா அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். தூக்கத்திலேயே...

எண்பதுகளில் எங்கள் செம்பாக்கம் தெருவுக்குக் குடிவந்த இத்தாலிக்காரர். தாம்பரத்தில் காலேஜ் லெக்சரராக இருந்த ஜெயராஜ் சாரைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர். அவர் ஊரில் போர்ட்ரெய்ட் பெயின்டர். இங்கே வந்தும் அதையேதான் செய்தார். பால்காரர், போஸ்ட்மேன், எதிர்வீட்டு மாமி... முகம் பிடித்துவிட்டால் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவார்.

தமிழை மார்க்கெட்டில் கற்றுக்கொண்டார். அதனால் அசல் மெட்ராஸ் தமிழ்!

என்னை வரைந்தபோது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். "இன்னா டீச்சர், மூஞ்சிக்கு இஸ்திரி போட்டுகினு வந்தியா? பேசு. பேசினாத்தான் மூஞ்சி வரும்."

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸைப் பற்றி ஆரம்பித்தேன்... நிறுத்தவே இல்லை. அந்தப் படத்தில் என் வாய் திறந்திருக்கும். அதைவிட நல்ல படம் எனக்கு இன்றுவரை அமையவில்லை.

ஆனால் இன்று முழுக்க எனக்கு தனலட்சுமி அக்கா படம்தான் நினைவில் நிற்கிறது.

ஏரிப் பக்கம் நிலம் வைத்திருந்த குடும்பம். ஸ்டவ் வெடித்து தனம் அக்காவுக்கு இடது கன்னம் முழுக்கத் தழும்பு. அதற்கப்புறம் ஒரு போட்டோகூட எடுத்துக்கொண்டதில்லை. முந்தானையால் கன்னத்தை மூடியபடிதான் வெளியே வருவார்.

புது வீட்டு ஹாலில் மனைவியின் படம் மாட்ட வேண்டும் என்று அவர் கணவருக்கு ஆசை. "தழும்ப மட்டும் வுட்டுடும்மா. நாலு பேரு வந்து போற வூடு" என்றார்.

"அவங்க மூஞ்சி. அவங்க சொல்லட்டும்" என்றார் லூசியா அக்கா.

தனம் அக்கா முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டார்.

துணைக்கு நானும் போயிருந்தேன். முதல் நாள் முந்தானை இறங்கவே இல்லை. லூசியா அக்கா இறக்கச் சொல்லவும் இல்லை. கண்களை மட்டும் வரைந்துகொண்டே ரசம் வைப்பது எப்படி என்று கேட்டார். பெருங்காயத்தில் இரண்டு பேருக்கும் சண்டையே வந்துவிட்டது!

அப்புறம் ஒரு நாள் தனம் அக்கா தானாகவே முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இப்டியே போடும்மா. இது இல்லாத மூஞ்சி எனக்கே மறந்து பூடுச்சு."

லூசியா அக்கா எழுந்தார். பிரஷ்ஷைக் கழுவினார். புது கேன்வாஸ் எடுத்தார்.

படம் முடிந்து கணவர் பார்க்க வந்தார். மனிதர் படத்துக்குக் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"சிரிக்கிறா..." என்றார். "இவ இப்டி சிரிச்சுப் பாத்து எத்தினி வருசமாச்சு!"

கிரகப்பிரவேசத்தன்று உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற சுவரில் அந்தப் படம். தழும்பும் சிரிப்புமாக.

தொண்ணூறுகளில் ஜெயராஜ் சார் தவறினார். ஊருக்கே வந்துவிடச் சொல்லி லூசியா அக்காவின் அண்ணன் எவ்வளவோ கூப்பிட்டார். "எங்க போறது டீச்சர்? மூஞ்சிங்க எல்லாம் இங்கதானே கீது" என்று இருந்துவிட்டார்.

அவர் ஊரில் விடைபெறும்போது 'சாவ்' என்பார்களாம். வந்த புதிதில் எங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா பதறிப்போய், "ஐயோ, கிளம்பும்போது அப்படிச் சொல்லக் கூடாதும்மா. வரேன்னு சொல்லு" என்று திருத்தினாள்.

அதற்கப்புறம் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் "வரேன்"தான்.

போய்ட்டு வாங்க, லூசியா அக்கா.